அயலானை முந்தி அடிப்பதா? — கணனித் திரையும் கண்டிச் சீமையும்

அயல் நாட்டின்மீது படையெடுப்பதற்கு ஏற்ற காலம் எது? அரசர்களும் அமைச்சர்களும் கூடியிருந்து ஆராய வேண்டிய இவ்வினாவை, இரத்தோட்டையில் ஒரு வீட்டு விறாந்தையிலே பாடசாலை மாணவர் மூவர் வெகு மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருக்கக் கண்டோம். அவர்கள் முன்னே ஒரு கணனி. திரையிலே அறுகோணக் கட்டங்களால் ஆகிய ஓர் உலகம். ஒரு மூலையில் அவர்களுடைய இராச்சியம். ஆற்றுக்கு அப்பால் அயல் அரசனுடைய தலைநகர்.

"முப்பதாவது சுற்று வருமுன் அவனை முடித்துவிட வேண்டும். பிந்தினால் மதில் கட்டிவிடுவான்" என்றான் மூத்தவன்.

"அவன் பாட்டில் இருக்கட்டும், அண்ணா. நாம் இன்னும் இரண்டு ஊர்களை அமைப்போம்" என்றான் இளையவன்.

மூன்றாவது பையன் திரையின் மறு ஓரத்தைச் சுட்டிக்காட்டி, "கண்டியும் பக்கத்திலேதான் இருக்கிறது. ஒரே ஓர் ஊர். அதை முதலில் பிடிப்போமா?" என்றான்.

இரத்தோட்டையில் இருந்துகொண்டு கண்டியைப் பிடிக்க ஆலோசனை நடக்கிறதே என்று நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. பின்னர் சிந்தனை வந்தது. ஏனெனில் இதே ஆலோசனை 1803ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டையிலே உண்மையாகவே நடந்தது. அங்கும் அயல் அரசன் ஒருவன் இருந்தான். அவன் பலம் பெறுமுன் அடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அந்த யுத்தத்தின் பெருவழிகளில் ஒன்று இரத்தோட்டைக்கு அண்மையிலுள்ள மாத்தளையினூடாகவே சென்றது. அந்தக் கதையை இங்கே சொல்லப் புகுந்தோம். அதற்குமுன், கணனி விளையாட்டு என்றதுமே முகஞ் சுளிக்கும் பெற்றோர்களுக்காக, இவ்விளையாட்டு இன்னதென்று சற்று விளக்க வேண்டும்.

முறை வைத்து ஆடும் போர்

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சுடும் விளையாட்டுகள் வேறு, இது வேறு. சதுரங்கத்தைப் போல இதிலே முறை வைத்து ஆட வேண்டும். நாம் நமது காரியங்களைச் செய்து முடித்து முறையை விட்டபின்னரே மற்றவர் தம் காரியங்களைச் செய்வர். அவசரம் இல்லை, ஒரு சுற்றைப் பற்றி ஒரு மணி நேரம் யோசித்தாலும் கேட்பாரில்லை. இவ்வகை விளையாட்டுகளிலே பேர்பெற்றது 'சிவிலைசேஷன்', அதாவது 'நாகரிகம்'. சிட் மெயர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைக்க, 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் ஆறாம் பதிப்பு 2016 ஒக்டோபரில் வந்தது. அந்தச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தது அந்த ஆறாவதைத்தான்.

கிறிஸ்துவுக்கு முன் 4000ஆம் ஆண்டில் ஆட்டம் தொடங்குகிறது. கையில் இருப்பது ஒரு குடியேற்றக் கூட்டமும் ஒரு சிறு போர்ப்படையும் மாத்திரமே. அங்கிருந்து ஊர் அமைத்து, உழுது, எழுத்தறிந்து, கடல் கடந்து, இக்காலம் வரை இராச்சியத்தை நடத்திவர வேண்டும். வெற்றிக்கு வழி போர் ஒன்றேயன்று; விஞ்ஞானத்தாலும் வெல்லலாம், கலையாலும் வெல்லலாம், சமயத்தாலும் வெல்லலாம்.

ஆயினும் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கும் செலவுதான். ஊரின் உழைப்புக்கு இவ்விளையாட்டிலே ஓர் அளவு உண்டு. சாதாரண வேகத்தில் ஆடும்போது ஒரு காலாட்படைக்கு 40, வில்லாளர் படைக்கு 60, ஒரு குடியேற்றக் கூட்டத்துக்கு 80 என்று விலை. குடியேற்றக் கூட்டத்தின் விலை ஒவ்வொன்றுக்கும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு காலாட்படையும் மூன்று வில்லாளர் படையும் சேர்த்தால் 260. அதே உழைப்பில் புதிய ஊர்கள் இரண்டை அமைத்து மிச்சமும் பிடித்திருக்கலாம். ஆகவே முந்திப் போர் தொடுக்கிறவன் இரண்டு ஊர்களைப் பணயம் வைத்தே போர் தொடுக்கிறான். வென்றால் ஒரே தாவலில் ஆள் நிறைந்த தலைநகர் ஒன்று கைக்கு வரும். அதைச் சூழ்ந்த நிலமும் வரும். தோற்றாலோ, படையும் போயிற்று, ஊரும் இல்லை. தூரத்தில் இருக்கும் மூன்றாவது அரசன் சும்மா இருந்தே முன்னேறிவிடுவான்.

இதிலே காலக் கணக்கு மிக நுட்பமானது. தொடக்கத்தில் எந்த ஊருக்கும் மதில் இல்லை. மதில் எழும்பியபின் வில்லும் வாளும் செல்லா. மதிலை இடிக்கும் பொறிகள் வேண்டும். அதனால்தான் மூத்தவன் முப்பதாவது சுற்று என்று துடித்தான். மிகக் கடினமான படியிலே ஆடுவோர் முந்திய போரையே பெரிதும் விரும்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. அப்படியில் கணனி ஆளும் அரசர்களுக்குத் தொடக்கத்திலேயே மேலதிகக் குடியேற்றக் கூட்டங்கள் கொடுக்கப்படுகின்றன. அவர்களோடு ஊர் அமைப்பதிலே போட்டியிட இயலாது. அவர்கள் அமைக்கும் ஊரைப் பறிப்பதே எளிது. சற்றும் நாணமில்லாத நியாயம்தான். ஆனால் கணக்கு பிழைப்பதில்லை.

அயலான் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்ற நியாயத்தைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பழங்காலத்திலேயே சக்கரம் போட்டு விளக்கியிருக்கிறது. விளையாட்டைச் செய்தவர்களும் அதை அறிந்தே இருக்கின்றனர். 2018இல் சேர்க்கப்பட்ட சந்திரகுப்த மௌரியருக்கு அயலார்மீது படையெடுக்கும்போது தனிவேகமும் தனிப்பலமும் கொடுத்து, அந்தத் திறனுக்கு 'அர்த்தசாஸ்திரம்' என்றே பெயரும் சூட்டினர்.

நம்மவர்க்கு இவையெல்லாம் புதியனவும் அல்ல. அந்த வீட்டுச் சிறுவர்களின் அப்பாயி, பாக்கு இடித்துக்கொண்டிருந்தவர், "இது என்ன பெரிய சங்கதி? ஆடு புலி ஆட்டந்தானே!" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உண்மைதான். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஆடப்படும் அந்த ஆட்டத்திலே, ஆடுகளை ஒவ்வொன்றாகவே கட்டத்தில் இறக்க வேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலிக்குக் காலம் அதுதான். ஆடுகள் கூடி வரிசை கட்டிவிட்டாலோ புலிக்குத் தாவ இடமில்லை. மூலையில் அடைபட்டுக் கிடக்க வேண்டியதே. ஆகையால் புலி முந்துகிறது. ஆனால் முந்திய புலி, ஓர் ஆட்டுக்கு ஆசைப்பட்டு நடுவிடத்தை விட்டு ஓரத்துக்குப் போய்விட்டால், திரும்பி வர வழியிருக்காது. சதுரங்கத்தில் நாலாம் நகர்த்தலிலேயே எதிரியை முடிக்க எண்ணி இராணியை வெளியே விடும் புதியவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. எதிரி விழிப்பாக இருந்துவிட்டால், தனியே வந்த இராணியைச் சிறு காய்கள் துரத்தித் துரத்தி அடிக்கும்.

முந்திய போர் எல்லாம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. 985இல் பட்டத்துக்கு வந்த இராசராச சோழன், ஆட்சியின் முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே சேர நாட்டுக் கரையிலுள்ள காந்தளூர்ச் சாலையை அடித்தான். அது பயனளித்தது. அவனுக்குப் பின்வந்த பேரரசு அதன்மேலே எழும்பியது. எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதுதான் கேள்வி.

தேசாதிபதி நோர்த்தின் கணக்கு

இனிக் கண்டிக்கு வருவோம்.

1796 பெப்ரவரியில் கொழும்பை ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மலைநாடு மட்டும் கண்டி அரசனிடம் இருந்தது. 1798இல் பிரெடெரிக் நோர்த் முதலாவது தேசாதிபதியாக வந்திறங்கினார். அதே ஆண்டில் கண்டியில் இராசாதி இராசசிங்கன் இறக்க, பதினெட்டு வயது இளைஞனான கண்ணுசாமி, சிறீ விக்கிரம இராசசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். மதுரைப் பக்கத்து நாயக்கர் குலத்தவன், தமிழ் பேசியவன். அவனை ஏற்றியவர் முதன்மந்திரியான பிலிமத்தலாவை. அரசுரிமை கோரிய மற்றோர் உறவினனான முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

தேசாதிபதியின் படத்தை நேயர்கள் மனக்கண்ணில் விரித்துப் பார்க்க வேண்டும். மேற்கே கொழும்பு, கிழக்கே திருகோணமலைத் துறைமுகம். இரண்டும் தம்முடையவை. நடுவிலே நந்தி போலக் கண்டி இராச்சியம். ஓர் ஓலை போக வேண்டுமானாலும் கரையைச் சுற்ற வேண்டும். அரசன் இளைஞன், புதியவன். அவனுடைய மந்திரியே அவனைக் கவிழ்ப்பதற்கு இரகசியமாகத் தூதனுப்புகிறார். மாற்று அரசன் ஒருவன் கையிலேயே தயாராக இருக்கிறான். எந்த ஆட்டக்காரனுக்குத்தான் கை துறுதுறுக்காது?

1800இல் தளபதி மக்டவல் பெரும் பரிவாரத்தோடு கண்டிக்குத் தூது சென்றார், காரியம் கைகூடவில்லை. 1802இல் புத்தளத்திலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்களின் பாக்குக் கண்டியில் பறிமுதல் செய்யப்பட்டது. அவர்கள் ஆங்கிலக் குடிகள் ஆகையால் நட்டஈடு கேட்கப்பட்டது. உரிய காலத்தில் அது வரவில்லை. பாக்கு மூட்டைகள் போருக்குக் காரணமாயின. நமது ஊரிலே வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பாக்குதான்!

1803 சனவரி 31இல் மக்டவலின் படை கொழும்பிலிருந்து புறப்பட்டது. சில நாட்களில் திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட்டின் படை புறப்பட்டு, வடக்கு வழியாக மாத்தளையை நோக்கி வந்தது. வழியிலே மாத்தளையில் ஒரு கோட்டை அமைத்து, தளபதியின் பெயரையே சூட்டி, மக்டவல் கோட்டை என்றனர். பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் இரு படைகளும் கண்டியிலே கூடின. எதிர்ப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் பெரிதாக இல்லை. இருபது நாட்களில் தலைநகர் கையில்!

ஆனால் தலைநகரில் யாரும் இல்லை.

தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசன், அரசியர், திரவியம், தந்ததாது, குடிமக்கள் எல்லாம் முன்னரே மலைகளுக்குள் மறைந்துவிட்டன. கணனித் திரையிலே ஊருக்குள் படை புகுந்தவுடன் வெற்றிச் சங்கு ஊதும். ஊரும் ஊராரும் பயிரும் நம்முடைய கணக்கில் சேர்ந்துவிடும். கண்டியிலே ஒரு படி அரிசியும் சேரவில்லை.

முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். ஏழு கோறளைப் பகுதியையும், திருகோணமலைக்குப் பாதை போட நிலத்தையும் அவன் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தான். ஆனால் அவனைக் கும்பிட ஒரு குடிமகனும் வரவில்லை. அரசன் ஹங்குராங்கெத்தையில் இருக்கிறான், சென்றால் பிடிக்கலாம் என்று பிலிமத்தலாவை சொல்லியனுப்பினார். சென்றார்கள், அங்கும் வெற்று அரண்மனைதான். போகும்போதும் வரும்போதும் இருமருங்குக் காட்டிலிருந்தும் குண்டுகள் வந்தன. சுட்டவர்கள் எவர் என்று கண்ணில் படவேயில்லை.

கண்டி அரசனின் ஆட்டத்தை நாம் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு உண்டாகிறது. தன் முறை வந்தபோது அவன் பெரிதாக எதையும் நகர்த்தவில்லை. மழையை ஆட விட்டான்.

சுமை தூக்கியவர்கள் இரவோடிரவாக ஓடிப்போயினர். வண்டிப்பாதை கிடையாத அந்நாட்டிலே ஒவ்வொரு மூட்டை அரிசியும் ஒரு மனிதனின் தலையில்தான் மலையேற வேண்டும். தலை போனால் அரிசியும் போயிற்று. அதன்மேல் காட்டுச் சுரமும் வயிற்றோட்டமும் படையைப் பிடித்தன. நுளம்பினால் மலேரியா பரவுகிறது என்பதை றொனால்ட் றொஸ் கண்டறிந்தது 1897இல்; 1803இல் அது கெட்ட காற்றினால் வருவதென்றே வைத்தியர்களும் நம்பினர். திருகோணமலைப் படையை நடத்திவந்த பார்பட்டும் சுரத்துக்கே இரையானார். (மலேரியா இலங்கையிலிருந்து ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே அந்த ஆறாம் பதிப்பு விளையாட்டு வெளிவந்தது. சுரமே இல்லாத காட்டில் படை நடத்துவது இரண்டிடத்திலும் ஒரே காலத்தில் சாத்தியமாயிற்று போலும்!)

ஏப்பிரலில் மக்டவல் பெரும்பகுதிப் படையோடு கொழும்புக்குத் திரும்பினார். கண்டியைக் காக்க மேஜர் டேவி என்பவர் கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேர் விடப்பட்டனர். அவர்களுள் மலாயச் சிப்பாய்களே அதிகம். மே மாதத்தில் நோர்த் தம்பதெனியாவிலே பிலிமத்தலாவையைச் சந்தித்துச் சமாதானம் பேசினார். அதே மே மாதத்தில் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்டில் இந்தியாவில் மராட்டியரோடு போர் தொடங்கியது. துணைப்படை எங்கிருந்து வரும்? தூரத்திலுள்ள மூன்றாவது அரசன் என்று மேலே சொன்னோமே, அவன் இங்கே இந்த வேடத்தில் வந்தான்.

சூன் 24 விடியுமுன் கண்டியர் நகரைத் தாக்கினர். அந்தப் போரிலே மனத்தை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. மலாய அரச குலத்துச் சகோதரர்களுள் ஒருவர் கண்டி அரசனின் படையிலும், மற்றவர் ஆங்கிலேயரின் மலாயப் படையிலும் தலைவர்களாக இருந்தனர். கண்டிப் பக்கத்தவரான சங்குங்லோ தாக்குதலை முன்னின்று நடத்தி அங்கேயே மாண்டார். மறுபக்கத்தவரான நூருதீன் பின்னர் சிறைப்பட்டு, கண்டி அரசனுக்கு ஊழியம் செய்ய மறுத்துக் கொலையுண்டார்.

உணவும் ஆளும் அற்ற டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக விடுவதென்பது உடன்பாடு. நடக்கக்கூடியவர்கள் வத்தப்புளுவை வரை சென்றனர். அங்கே மகாவலி கங்கை இரு கரையும் தொட்டுப் பெருகி ஓடியது. ஓடமும் இல்லை, கயிறும் இல்லை. இக்கரையில் நின்றவர்களிடம் கண்டி அரசனின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டனர். முதலில் மறுத்த டேவி, பின்னர் ஒப்படைத்தார். அரசனாக முடிசூட்டப்பட்ட அந்த மனிதன் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு உயிரிழந்தான். முத்துசாமி போன பிறகும் கங்கை வடியவில்லை. சூன் 26இல் ஆங்கிலப் போர்வீரர்கள் ஆயுதம் களையப்பட்டுச் சிறுசிறு கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கண்டி மருத்துவமனையில் விடப்பட்டிருந்த ஏறத்தாழ 150 நோயாளிகளும் தப்பவில்லை. மலாயரிலும் இந்தியரிலும் பலர் கண்டி அரசனின் ஊழியத்தை ஏற்று உயிர் தப்பினர். டேவி பல ஆண்டுகள் கைதியாக இருந்து கண்டிச் சீமையிலேயே இறந்தார்.

இறந்தவன் என்று விடப்பட்டவன் ஒருவன் பிழைத்தான். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல், கழுத்தில் வெட்டுண்டவன், சாய்ந்து விழும் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, கங்கையைக் கடந்து மாத்தளை மக்டவல் கோட்டையை அடைந்தான். கண்டியில் நடந்ததை வெளியுலகம் அறிந்தது அவன் வாயால்தான். செய்தி கேட்ட கோட்டைத் தலைவர் மட்ஜ், நடக்கமாட்டாத நோயாளிகளை அங்கேயே விட்டுவிட்டு, எஞ்சியோரோடு திருகோணமலைக்குப் பின்வாங்கினார். இருபது நாட்களில் பிடித்த இராச்சியம் ஐந்து மாதங்களுக்குள் இவ்வாறு கைவிட்டுப் போயிற்று.

கண்டி அரசனும் பிறகு இதே பாடத்தைப் படித்தான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. வெற்றி மயக்கத்தில் அவன் மலையை விட்டிறங்கிக் கரையோரத்தைத் தாக்கினான். 1803 செப்டெம்பரில் ஹன்வல்லையில் அவனுடைய சேனை முறியடிக்கப்பட்டது. மலையும் மழையும் அவனோடு இறங்கி வரவில்லை. மறு ஆண்டு ஒக்டோபரில் கப்டன் ஜோன்ஸ்டன் என்பவர் ஏறத்தாழ 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை சென்றார். மற்றப் படைகள் வராமையால் தனித்து நின்று, வழியெல்லாம் போரிட்டுத் திருகோணமலைக்குத் தப்பி வந்தார். படைகளின் பயணத்தை நிறுத்தும் உத்தரவு அவருக்கு மட்டும் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. விளையாட்டிலே இந்தத் தொல்லை இல்லை. நமது கட்டளை எந்தக் காட்டிலுள்ள படைக்கும் அக்கணமே போய்ச் சேரும்.

பன்னிரண்டு ஆண்டுப் பொறுமை

கண்டி வீழ்ந்தது 1815இல். பெரும் போர் நிகழவில்லை. ஜோன் டொயிலி என்ற அதிகாரி சிங்களத்தை நன்கு கற்று, ஆண்டுக்கணக்காகக் கண்டிப் பிரதானிகளோடு ஓலைத் தொடர்பு வைத்திருந்தார். எந்தப் பிரதானிக்கு அரசன்மேல் என்ன மனக்குறை, எந்தக் கணவாயில் எத்தனை காவலர் என்பன அவருக்குத் தெரியும். அரசனும் பிரதானிகளும் பகைத்தனர். 1814இல் எகலப்பொலை கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் ஓடிவந்தார். மழைக்காலத்தைத் தவிர்த்து, 1815 சனவரியில் தேசாதிபதி பிரவுன்றிக் பல முனைகளில் படைகளை அனுப்பினார். பெப்ரவரி 14இல் நகர் வீழ்ந்தது. இம்முறையும் வெறும் நகர்தான். ஆனால் இம்முறை மக்கள் அரசனை மறைக்கவில்லை. பெப்ரவரி 18இல் அவன் தும்பறைப் பகுதியில் பிடிபட்டான். இரத்தோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த நக்கிள்ஸ் மலைகளுக்கு மறுபுறம் அது. மார்ச் 2இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 சனவரி 30இல் அங்கே இறந்தான். அதன்பின்னும் 1817இல் ஊவாவிலும், 1848இல் மாத்தளையிலும் கிளர்ச்சிகள் எழுந்தன.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 என அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்கள் பரீட்சைக்காகத் தனித்தனியே படிக்கின்ற இவற்றை, நோர்த்தின் கதையோடு ஒருசேரப் படித்துப் பார்ப்பது நன்று. நோர்த் தம் வலியை எண்ணினார். காலத்தைப் பாதி எண்ணினார். போகும் காலத்தை எண்ணினாரேயன்றி இருக்கும் காலத்தை எண்ணவில்லை. இடத்தை எண்ணவேயில்லை.

போர் என்ற சொல்லை விளையாட்டாகவும் உச்சரிக்க முடியாத வீடுகள் 2009வரை நீண்ட யுத்தத்தைக் கண்ட இந்நாட்டிலே ஏராளம் உண்டு. பிள்ளைகள் இதை ஆடலாமா என்று கேட்கும் பெற்றோரின் மனத்தை நாம் அறிவோம். நமது எண்ணத்தில், தடுப்பதைவிட அருகில் அமர்ந்து சில கேள்விகளைக் கேட்பது மேல். அந்தப் படைக்கு அரிசி சுமந்தவர் யார்? ஊரைப் பிடித்தபோது ஊரார் எங்கே போயினர்? மழை வந்ததா? இவற்றுக்கு அந்தத் திரையிலே விடை கிடையாது. ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டால் பிள்ளை தானே தேடும்.

சுமந்தவர்களைப் பற்றிய கேள்வி மாத்தளைப் பகுதித் தமிழருக்கு வெறும் கேள்வியும் அன்று. பார்பட்டின் படை தெற்கே இறங்கிய வடக்கு வழியிலேதான், சில பத்தாண்டுகளுக்குப் பின், தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கிய தொழிலாளர்கள் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தனர். அதே காடு, அதே சுரம், அதனோடு வாந்திபேதியும். வழியிலேயே மாண்டவர் பலர். தப்பி வந்தவர்கள் மாத்தளையை அடைந்து மலைகளுக்குப் பிரிந்தனர். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றுள்ள பல குடும்பங்களின் முன்னோர் அவ்வழி வந்தவர்களே.

இனி, அந்த மூன்றாவது பையனின் கேள்விக்கு வருவோம். கண்டியைப் பிடிப்பதா? அந்த விளையாட்டிலே கண்டி ஒரு தனி நகர இராச்சியம். பேரரசு ஆக முயலாது. யாருக்கும் தீங்கு செய்யாது. அதற்குத் தூதர்களை அனுப்பி, மற்றவர்களைவிட நெருங்கிய நட்பைப் பெற்றவருக்கு ஒரு வரம் உண்டு. புதிய இயற்கை அற்புதம் ஒன்றைக் கண்டறியுந்தோறும் கண்டி அவருக்குப் புனிதச் சின்னம் ஒன்றை அளிக்கும். அச்சின்னங்களால் விளையும் பக்திப் பயனும் பெருகும். தந்ததாது இருக்கும் நகருக்குப் பொருத்தமாகவே அமைத்திருக்கிறார்கள். ஆனால் படையெடுத்துப் பிடித்துவிட்டால், அது பத்தோடு பதினொன்றான ஓர் ஊர். அந்த வரம் பிடித்தவருக்கும் இல்லை, வேறெவருக்கும் இல்லை. இதை நாம் சொன்னபோது பையன்கள் மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு இளையவன் தூதனை அனுப்பினான். மூத்தவனோ ஆற்றுக்கு அப்பாலிருந்த அயலான்மீது படையை ஏவியே விட்டான். ஆறு கடந்து தாக்குகிறவனுக்குப் பலம் குறையும் என்பது அவ்விளையாட்டின் விதி. மேட்டிலே நிற்பவனுக்குப் பலம் கூடும் என்பதும் விதி. அவனுடைய வில்லாளர் படை இரண்டு, நாம் தேநீர் குடித்து முடிக்குமுன் ஆற்றங்கரையிலே அழிந்தன.

மக்டவல் கோட்டையைக் காண விரும்பும் மாணவர்கள் மாத்தளை நகரிலே இறங்கிக் கேட்கலாம். கோட்டை என்று எஞ்சியிருப்பது அதன் வாயில் மட்டுமே. அவ்விடம் பின்னர் மயானமாயிற்று. மயானத்துக்குள் செல்லும் வழி அந்த வாயிலினூடாகத்தான்.